மதிலுக்கு மேலால்

...இது பிளேன் கதவா, மா வாளியின் மூடி இதைவிட இறுக்கமாகப் பூட்டும், என்று நினைத்துக்கொண்டே சுபைறா ஒரு கையால் இருக்கைப் பட்டியையும் மறுகையால் முக்காட்டையும் பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டில் எதை விட்டால் முதலில் மௌத்து வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. இந்த இருக்கையில் இருந்திருக்க வேண்டியவர் மீனவர் சங்கத் தலைவர் மிஹ்லார். புயல் கடற்கரையின் முகத்தையே மாற்றிவிட்டது, எந்த இடம் எது, எந்த வளவு ஆருடையது என்று மேலே இருந்து காட்ட ஓர் ஊராள் வேணும் என்று நிவாரண வேலை பார்க்கிற ஆட்கள் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவர் அவர்தான், வந்து, பிளேனின் படியில் ஒரு காலை வைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, நாலே நாலு இருக்கை, வைத்த காலை எடுத்துவிட்டார். "கடலெண்டா எந்த அலையெண்டாலும் பாப்பன் சேர், இது எனக்கு ஏலா" என்றவர், அந்த வெட்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, வேனில் வேடிக்கை பார்க்கக் கூடவந்த மாதர் சங்கச் செயலாளரை நோக்கிக் கையை நீட்டினார், "இவவக் கொண்டுபோங்க, ஊருல எந்தக் கொடியில என்ன காயுது எண்டும் தெரியும் இவவுக்கு." நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், சுபைறாவும் சிரித்தாள், சிரித்தபடியே ஏறியும் விட்டாள், கோபிப்பதற்கு நேரமா அது, ஊரை மேலால் பார்க்கிற வாய்ப்பு ஆருக்குக் கிடைக்கும், வேலி இல்லாமல், படலை இல்லாமல், "என்னகா சுபைறா இந்தப் பக்கம்" என்று கேட்க ஆளில்லாமல்...

நாவிதன்வெளிப் பக்கம் வயலெல்லாம் கழுவி ஊற்றின தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது, வரம்பு ஒன்றையும் காணவில்லை, யாருடைய வயல் யாருடையதோடு கலந்ததோ, தண்ணி வடிந்த பிறகு நடக்கப்போகிற சண்டைகளை அவள் இப்போதே கேட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்தில் காரைதீவு நல்லரெத்தினம் சேர், மடியில் டெப் ஒன்று, அதில் ஊரின் வரைபடம், சேதமான வீட்டைக் கண்டால் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான் அவருடைய வேலை. தட்டின வீட்டுக்கு அடுத்த நாளே ஆட்கள் வந்து கேட்டில் சிவப்புப் பெயின்றால் இலக்கம் போடுவார்கள், இலக்கம் விழுந்த வீட்டுக்குத்தான் கூரைத் தகரம், சீமெந்து, எல்லாம். முன்னால் பைலட் பெடியன், சிங்களப் பிள்ளை, திரும்பியே பார்க்கவில்லை, இவனுடைய தாய்க்குத் தெரியுமா இவன் இப்படி வளைத்து வளைத்து ஓட்டுகிறது? பாண்டிருப்பைத் தாண்டிக் கடற்கரையோடு தெற்கே திரும்பினதும் நல்லரெத்தினம் கேட்டார், "ராத்தா, இது எந்த இடம்?" சுபைறா குனிந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே ஊர் இல்லை, கூரைகள்தான் இருந்தன. வீடுகளை அவள் அறிந்ததெல்லாம் கேட்டின் நிறத்தை வைத்து, வாசலில் கிடக்கிற செருப்பை வைத்து, வேலிக்கு மேலால் வருகிற தாளிச்ச மணத்தை வைத்து, இங்கேயோ ஓடும் சீற்றும் தண்ணித் தாங்கியும், எல்லாம் ஒரே மாதிரி, மூடி போட்ட சட்டிகளை அடுக்கி வைத்தது போல. "பள்ளிக்குக் கிழக்கால சேர்." "எந்தப் பள்ளிக்கு?" "அதத்தான் நானும் பாக்கன்." அந்த மனுசன் சிரித்தாரா இல்லையா என்று காதில் மாட்டியிருந்த கருவிக்குள் தெரியவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. மீன்வாடிகள் இருந்த இடத்தில் வெறும் கம்புகள் வரிசையாக, பல்லுப் போன வாய் மாதிரி, கடற்கரை வீதி பாதியில் அறுந்து கடலுக்குள் இறங்கிப் போயிருந்தது, தென்னைகள் எல்லாம் மேற்கே தலைவைத்துப் படுத்திருந்தன, ஒரே கையால் வாரிவிட்ட மாதிரி. அந்த வெளிர்நீலத் தண்ணித் தாங்கி ஹாஜியார் வீடு, அப்படியானால் அதற்கு அடுத்தது அச்சிமுகம்மது வீடு, போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று "என்ட தோணியக் கடல் கொண்டுபேய்த்து" என்று சால்வையால் மூக்கைத் துடைத்த அதே அச்சிமுகம்மது, அவர் வீட்டுப் பின்கோடிக்குள் கிடுகுக் குவியல், குவியலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பச்சையாக என்ன அது... வால்! தோணி வால்! சுபைறாவின் உடம்பெல்லாம் ஒரு சந்தோசம் ஓடியது, பயம் கூடப் போய்விட்டது, இறங்கினதும் முதலில் ஆருக்குச் சொல்வது, மிஹ்லாருக்கா, இல்லை, அவர் எல்லாவற்றையும் தன்னுடைய கதையாக்கிவிடுவார், வீட்டு மனுசன் ஜவுபருக்குச் சொன்னால் "உனக்கென்ன" என்பார், அப்படியென்றால்... அப்போதுதான் அவளுடைய ஒழுங்கை வந்தது, வீதியிலிருந்து கடலுக்கு ஓடுகிற ஒழுங்கை, இந்தா என்னுடைய வீடு, அல்ஹம்துலில்லாஹ், எட்டுப் பத்து ஓடு போனதோடு சரி, அதற்குக் கடல் பக்கமாக அடுத்தது நயீமாவின்...

நயீமாவின் வீட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. ஒழுங்கையைப் பார்த்த கூரை ஓடு குலையாமல் நிற்கிறது, பக்கத்துச் சுவர் கூம்பாக நிற்கிறது, முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமேயில்லை. இரண்டு அறை, சாப்பிடுகிற இடம், குசினி, எல்லாம் சுவரோடு வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தன, நெல்லுக் காயப்போடுகிற படங்கு ஒன்றை ஒரு மூலையில் இழுத்துக் கட்டியிருந்தது, கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்று நடு வெளியில் நின்று வெயிலைத் திருப்பி அடித்தது, அது மகள் பஸ்னாவுக்காக நயீமா வாங்கின அலுமாரி, லொறியில் வந்து இறங்கின அன்று சுபைறா கேட் இடுக்கால் பார்த்ததுதான். மூன்று கல்லை வைத்து மூட்டின அடுப்படியில் ஒரு பெண், தலை திறந்தபடி, பிளேன் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்து, சட்டென்று தோளில் கிடந்த சீலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அதே நொடியில் சுபைறாவும் தன்னுடைய முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டு கண்ணாடியை விட்டுப் பின்னால் சாய்ந்தாள், ஏன் சாய்ந்தேன், அவளுக்கு என்னைத் தெரியவா போகிறது, வானத்தில் ராத்தா போகிறாள் என்று எந்தத் தங்கச்சி நினைப்பாள்? "ராத்தா, அந்த வீடு, பின்பக்கம் முழுக்கப் போயிருக்கு, அது ஆர்ட?" என்றார் நல்லரெத்தினம். "எது?" "இப்ப தாண்டினம், கடலோரத்துக்குக் கிட்ட." "நான் மற்றப் பக்கம் பாத்துட்டன் சேர்." "சரி, ஒலுவில் போய்த் திரும்பி வரக்குள்ள பாப்பம்."

மற்றப் பக்கம் பார்த்தாளாம், சுபைறாவாம். சாய்ந்தமருது போனது, காரைதீவு போனது, எதையும் அவள் பார்க்கவில்லை, நல்லரெத்தினம் அவராகவே தட்டிக்கொண்டு வந்தார். ஊரில் அவள் பார்த்திராத வளவு ஒன்று உண்டென்றால் அது பக்கத்து வளவுதான். நயீமாவின் புருசன் கட்டாரிலிருந்து வெறுங்கையாக, ஒரேயொரு கம்பளியோடு வந்திறங்கின செய்தி ஊருக்குத் தெரிந்தது ஆரால் என்பதில் இரண்டு கட்சி உண்டு, அது எப்படியோ போகட்டும், அந்த மாதமே நயீமா மதிலை ஆள் உயரத்துக்கு மேலே எழுப்பி, உச்சியில் போத்தல் கண்ணாடி குத்தி, அன்றோடு பேச்சும் முடிந்தது. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ராத்தா என்கிறான், இந்தா இந்தத் தமிழ் சேர்கூட வாய்க்கு வாய் ராத்தா என்கிறார், சொல்ல வேண்டிய கூடப்பிறந்தவள் சொல்லி நாலைந்து வருசமாகிறது. புயலன்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில், விடிந்து வந்தபோது மதிலும் நிற்கிறது, நயீமாவின் முகடும் நிற்கிறது, கேட் பூட்டிக் கிடக்கிறது, அவளுக்கென்ன வாழ்வு என்றுதான் சுபைறா நினைத்தாள். பள்ளிவாசல் ஆட்கள் படங்கு கொடுக்க வந்தபோதும் நயீமா கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து, "எங்களுக்கு வேணாம், இல்லாதாக்களுக்குக் குடுங்க" என்று அனுப்பிவிட்டாளாம், அந்தப் பெருமையை ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோய்ப் பரப்பினது சுபைறாதான். பின்னேரங்களில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து விறகுப் புகை வந்தது, கேஸ் சிலிண்டர் இருக்கக்குள்ள விறகில் காய்ச்சுகிறாள் கஞ்சப் பிசினாறி என்று அதையும் சொன்னாள்... குசினி இருந்தால்தானே கேஸ் அடுப்பு.

எல்லாம் பஸ்னாவுக்காக. பஸ்னாவுக்கு நிந்தவூரில் பேசியிருக்கிறது, றிபாத் என்ற பெடியன், நல்ல பிள்ளை என்றுதான் கேள்வி, தாய்தான் கொஞ்சம் கணக்கானவள். இந்தக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான், வருகிறவனுக்கு வீடு வேணும், வீடுதான் சீதனம், வீடுதான் பேச்சு, வீட்டில் வெடிப்பு என்றால் பேச்சிலும் வெடிப்பு. சிவப்பு இலக்கம் விழுந்த கேட்டுக்குள் நிந்தவூரார் தங்கள் பிள்ளையை அனுப்புவார்களா? போன கிழமை வந்தவர்களை நயீமா முன்மண்டபத்தில் இருத்தி, நடுக்கதவைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, தேத்தண்ணியும் தொதலும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், சாத்தின கதவுக்குப் பின்னால் வானம்! அல்லாஹ்வே, என்ன நெஞ்சு இவளுக்கு. மாரி மழை இன்னும் முடியவில்லை, தாயும் மகளும் ராவைக்கு எங்கே படுக்கிறார்கள், அந்த முன்மண்டபத்திலா, கட்டில் மெத்தையெல்லாம் எங்கே வைத்தாள், புருசனோ மறுபடி கட்டாரில், அவருக்காவது சொன்னாளா... கீழே ஒலுவில் துறைமுகம் வந்தது, படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, நல்லரெத்தினம் "ச்சா" என்றார், சுபைறாவும் "ச்சா" என்றாள், அவளுடைய ச்சா வேறு. இதைப்போல ஒரு செய்தி அவள் கைக்கு வந்ததேயில்லை, அச்சிமுகம்மதுவின் தோணியெல்லாம் இதற்குப் பக்கத்தில் என்ன, வாயைத் திறந்தால் போதும், மதிலுக்கும் போத்தல் கண்ணாடிக்கும் பேசாத வருசங்களுக்கும் ஒரு சொல்லில் கணக்குத் தீரும். வாயைத் திறந்து நயீமாவின் வீடு என்றால் அவளுக்குக் கூரை வரும், பஸ்னாவின் கலியாணம் போகும், தெரியாது என்றால் கலியாணம் இருக்கும், கூரை இல்லை, இரண்டிலும் ஒன்று நனையும்.

பிளேன் ஒரு பக்கமாகச் சரிந்து திரும்பியது, கடல் எழும்பி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, சுபைறா கலிமாவைச் சொல்லிக்கொண்டே நிந்தவூரைத் தேடினாள், அதிலே ஏதோ ஒரு கூரைக்குக் கீழேதான் றிபாதின் தாய் இருப்பாள். புயலடித்த அடுத்த நாள் இரவு அந்த மனுசி போன் எடுத்தாளே, பெண் எடுக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் விசாரிப்பதுதானே வழக்கம், அதுவும் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீடென்றால் உண்மை வரும் என்று. "காத்துக்குப் பிறகு வூடு எப்பிடி மகள், சேதம் கீதம்?" "அவளுக்கென்ன உம்மா, ஒரு ஓடும் பேத்தில்ல, பெருமையும் பேத்தில்ல" என்றாள் சுபைறா, ஓடும் போகவில்லையாம் பெருமையும் போகவில்லையாம், என்ன எரிச்சலோடு சொன்னாள், அந்த எரிச்சல்தான் அந்த மனுசிக்கு முத்திரை குத்தின சேட்டிபிக்கேற். ஒரு ஓடும் பேத்தில்ல... இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அவளுடைய சொல்லில்லையே இது. அன்று விடிய மதிலோரம் நின்று நயீமா போனில் கதைத்தாள், "அல்ஹம்துலில்லாஹ், எங்கட வூட்டுல ஒரு ஓடும் பேத்தில்லகா." எவ்வளவு சத்தமாக. சுபைறாவுக்குப் பயந்து இத்தனை வருசமாகக் கிசுகிசுப்பிலேயே குடும்பம் நடத்தினவள், அன்று மட்டும் ஏன் மதிலோரம் வந்து நின்றாள், காற்றில் கோபுரம் விழுந்து ஊரில் ஒருத்தருக்கும் போன் வேலை செய்யாத அந்த விடியலில், பின்னேரம்தானே சிக்னலே வந்தது, ஆரோடு கதைத்தாள்? ஆரோடுமில்லை. மதிலோரம் ஒரு சொல்லை வைத்தால் அது தானாக நடந்து நிந்தவூர் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கள்ளி. சுபைறாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது, மேலே குளிர்தான் காரணம்.

"இந்தா வருது ராத்தா, இந்த முறை வடிவாப் பாருங்க, இது ஆர்ட வீடு?" அலுமாரிதான் முதலில் தெரிந்தது, அடுப்படியில் இப்போது ஆளில்லை, அலுமாரிமேல் ஆரோ அவசரத்தில் ஒரு பூப்போட்ட படுக்கைச் சீலையைப் போட்டு மூடியிருந்தார்கள், பிளேனுக்குக் கூட மறைக்கிறாள். மேலால் பார்த்தால் மதில் ஒரு கோடு மாதிரி, கண்ணாடித் துண்டு ஒன்றும் தெரியவில்லை, உம்மா இரண்டாகப் பிரித்துக்கொடுத்த ஒரே வளவுதானே. "அதுவா, அது எங்கட வூடு சேர்." "உங்கட வீடா? என்ன ராத்தா, இவ்வளவு நேரமும் வாயே திறக்கல்ல!" "கேட்டாத்தானே சொல்லுற." "முதலும் கேட்டனானே." "அப்ப பயத்துல இருந்தன்." அவர் டெப்பை அவள் பக்கம் திருப்பினார், "கேட் இலக்கம் இருவத்திநாலா, இருவத்திநாலு ஏயா?" "இருவத்திநாலு." விரல் ஒரு தட்டுத் தட்டியது, முடிந்தது. இனி சுபைறாவுடைய கேட்டில்தான் சிவப்பு இலக்கம் விழும், விழட்டும், பெற்றது மூன்றும் ஆண், மூன்றும் மனைவிமார் வீட்டில், கட்டிக்கொடுக்கக் குமர் இல்லாத வீட்டுக் கேட்டில் என்ன நிறம் இருந்தால்தான் என்ன, சுபைறா வூடு உடைந்ததாம், வாயடித்தவளுக்கு அல்லாஹ் காட்டிவிட்டான் என்று ஊர் ஒரு கிழமை சிரிக்கும், அச்சிமுகம்மது தோணியை மறைத்து வைத்துக்கொண்டே சிரிப்பார், அவரை இனி ஒன்றும் சொல்லவும் முடியாது, சொன்னால் அவரும் வந்து இவளுடைய கூரையை எண்ணுவார். பார்க்க வருகிறவர்களை எந்த வழியால் உள்ளே விடுவது, ஜவுபருக்கு என்ன சொல்வது, அதெல்லாம் தரையில் கால் பட்ட பிறகு. நயீமாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான்... நேரே போய்க் கேட்டைத் தட்டினால் திறக்கமாட்டாள். பின்னேரம் மதிலோரம் போய் நின்று, போனைக் காதில் வைத்து, ஒருத்தரையும் அழைக்காமல், சத்தமாகக் கதைக்க வேண்டியதுதான், "எங்கட கேட்டுலதான்கா இலக்கம் போடுவாங்களாம், தகரம் வந்தா எங்க வைக்கிறதோ, மதிலுக்கு மேலாலதான் குடுக்கணும்." கேட்கும்படியாகச் சொல்லத் தனக்குத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்க அந்தப் பக்கம் நயீமா வந்து நிற்க வேண்டுமே, நிற்பாளா... இத்தனை வருசமும் தான் இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம், அவளும் அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தாளா?