சேனைக்கு முன் ஓர் அரிவாள்

என் பல்செட்டின் மீது சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அது வழக்கம். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். எனக்குப் பேத்தி பிறந்திருந்தாள். பதினோரு மணிக்குள் அவள் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து நான் சேனை தொட வேண்டும். சேனை தொட்டவரின் பேச்சுதான் குழந்தைக்கு வரும். ஆள் வராவிட்டால், லிஃப்டில் அறிவிப்புச் சொல்லும் குரலை எடுத்து நாக்கில் வைத்துவிடுவார்கள். பிறகு குழந்தை ஆயுசுக்கும் ‘கதவுகள் மூடுகின்றன’ என்றுதான் பேசும்.

மணி பத்தே முக்கால்.

“ஏ தம்பி, எம் பேத்தியப் பாக்கணும்லா,” என்றேன் வாசலில்.

காவலாளி சென்னியப்பன் எழுந்து கும்பிட்டார். “திருநெல்வேலிப் பக்கமுங்களா? அருவாளக் குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க.”

“எங்கிட்ட ஏதுய்யா அருவா? கொடதான் இருக்கு.”

“கொடைக்குள்ள இருக்குமுங்க.”

குடையை விரித்தார். உள்ளே மழை பெய்தது. மடக்கிக் கொடுத்தார்.

“அருவா இல்லீங்களே. அப்ப டோக்கன் எப்படீங்க தர்றது? டோக்கன் இல்லாம உட முடியாதுங்க சாமி.”

அரிவாள் மருந்துக்கடையில் இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்களாம்.

டாக்டரைத் தேடி நடந்தேன். நடக்க நடக்க நடைவழி நீண்டது. எதிரே ஓர் ஆட்டோ வந்தது. காக்கிச் சட்டை போட்ட அம்மாள் ஓட்டினார்.

“இன்னா பெர்சு, எங்க போவணும்?”

“டாக்டர்ட்ட போணும். எவ்வளவு கேப்பிய?”

“நான்தான்பா டாக்டரு. ஆர்ட்டு ஆப்ரேசன்.”

பெயர் டாக்டர் ரெஜினா. வேலைக்குச் சேர்ந்த அன்று வாயைத் திறந்து வணக்கம் சொன்னாராம். உடனே ஆட்டோவைக் கொடுத்துவிட்டார்களாம். பின்சீட்டில் ஒருவர் நெஞ்சு திறந்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “பேச்ச வச்சு ஆள எட போடுறது பாவம்லா,” என்றேன். “அது கெடக்கட்டும். மீட்டர் போடுவியளா?”

அவர் முறைத்தார். பிறகு சீட்டு எழுதினார்: அரிவாள், ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.

ஒரு பன் தின்றேன். அரிவாளை வாங்கினேன்.

அதைப் பார்த்ததும் சென்னியப்பன் முகம் மலர்ந்தது. “நாந்தான் அப்பவே சொன்னனுங்களே! உங்கூர்க்காரங்க அருவா இல்லாம வர மாட்டாங்கன்னு!”

டோக்கன் கிடைத்தது.

மாடியில் நர்ஸ் லிஃப்டையே தொட்டில் பக்கம் இழுத்து வந்திருந்தாள். கதவு திறந்தது. குரல் தொண்டையைச் செருமியது. பதினொன்றுக்கு அரை நிமிடம். குறுக்கே புகுந்து விரலை நீட்டினேன். சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் பட்டுவிட்டது.

பேத்தி சப்புக்கொட்டினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னவே தாத்தா, இம்புட்டு நேரமா எங்க போயிட்டு வாறீரு?”

அச்சு அசல் எங்கள் வீட்டுப் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழேயிருந்து சென்னியப்பன் குரல் கொடுத்தார்: “பாப்பாவோட அருவாளையும் வாங்கியாந்துருங்க சாமி!”

ஒரே ஒரு விவரம் விட்டுப்போயிற்று. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.