பொட்டு வைக்க இடமில்லாத படம்

1.

இந்தக் கதை ஒரு செத்தவீட்டில் பிறந்தது. மொன்றியலில்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த ஒருவரின் நெற்றியில் யாரோ சந்தனப் பொட்டு வைத்தார்கள். முகமே தெரியாத படமாக இருந்தால் எங்கே வைப்பார்கள் என்று நினைத்தேன். செத்தவீட்டில் நினைக்கக் கூடாதது. நினைத்துத் தொலைத்தேன்.

2.

தொடக்கம் ஒன்று: பார்க் எக்ஸ்டென்ஷனில் பனி கொட்டிக்கொண்டிருந்த

(வேண்டாம். மொன்றியல் கதை என்றால் பனி கொட்டியே ஆகவேண்டுமா?)

தொடக்கம் இரண்டு: ஜெயமதிக்கு அலுத்துவிட்டது. பகலில் கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் மூக்குத் துடைக்கிறாள். பின்னேரம் வீட்டில் படம் வரைகிறாள். வண்ணத்தை அள்ளி வீசி, கத்தியால் வழித்து, மறுபடி வீசுகிற அரூப வெளிப்பாட்டு ஓவியம். ஆனால் அவள் வரைவது முகங்களை. இந்த வழியில் வந்தவள் முகம் வரையலாமா என்று ஓவியர்கள் கேட்கிறார்கள். இதில் முகம் எங்கே என்று தமிழர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் பதில் சொல்லியே களைத்துப்போனாள்.

இது இருக்கட்டும்.

3.

கீழ்வீட்டு யோகராணிக்குத் திங்கட்கிழமை இதயத்தில் சத்திரசிகிச்சை.

"எனக்கு ஏதும் நடந்தால் மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் இல்லை, பிள்ளை. எல்லாத்திலையும் அந்த மனிசன்* பக்கத்திலை நிக்குது. நீ ஒண்டு கீறித் தா."

[ஜெயமதி ஏன் ஒத்துக்கொண்டாள்? இந்த இடத்தில் அவளை நான் நம்பவில்லை. பிறகு புரிந்தது: மாட்டேன் என்று சொல்லவும் தெம்பு வேண்டும்.]

யோகராணி கூறைச் சேலை உடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். ஜெயமதி கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்து ஒழுங்காகவே வரைந்தாள். அச்சொட்டாக வந்தது. மாலை ஒன்றுதான் குறை. யோகராணி போனதும் ஜெயமதி கத்தியை எடுத்து முகம் முழுவதையும் வழித்தாள்.

* விட்டுவிட்டுப் போன கணவர். கதைக்குள் வந்தால் பேசிக்கொண்டேயிருப்பார். அடிக்குறிப்போடு நிற்கட்டும்.

4.

ஞாயிற்றுக்கிழமை யோகராணி படத்தைப் பார்க்க வந்தாள். மஞ்சள், அதன்மேல் இழுபட்ட கறுப்பு, ஓரத்தில் சேலையின் சிவப்பு. நெற்றி இருந்த இடத்தில் கத்தி போன தடம்.

"என்ன பிள்ளை இது? இதிலை எங்கை பொட்டு வைக்கிறது?"

"இடமில்லக்கா. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதுக்குத்தான் இப்பிடிக் கீறினன்."

யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் திரும்பி வரத்தான் வேணும்," என்றாள். "வந்து உன்னட்டை நல்லதா ஒண்டு கீறுவிக்க வேணும்."

5.

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தபோது

முடிவு இரண்டு: ஜெயமதி சிவப்பை விரலில் தொட்டு, படத்தின்

இரண்டையும் விட்டுவிட்டேன். எனக்கும் களைப்புத்தான். யோகராணியைக் கொல்ல மனம் வரவில்லை. பிழைக்கவைத்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். திங்கட்கிழமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று ஜெயமதி வேலைக்குப் போகவில்லை. புதுச் சட்டத்தில் படம் வரையும் துணியை இழுத்து ஆணி அடித்தாள். யோகராணி இருந்த கதிரையை அந்த இடத்திலிருந்து அசைக்கவில்லை.