முறிக்காத பூட்டு

ராஜாக்கண்ணுவின் வலது கை குஸ்திப் பூட்டுக்குள் போனதும் சந்தவாசல் திருவிழாக் கூட்டம் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. பெண்கள் ஏறி நின்ற மாட்டுவண்டியில் பாஞ்சாலிக்குத் தன் வலது தோள் சிலிர்த்தது. அங்கே மண்ணில் ராஜாக்கண்ணுவை மண்டியிட வைத்து மேலே கவிழ்ந்திருந்தவன் அவள் புருஷன், மலையிலிருந்து இறங்கி வந்த வேடியப்பன்.

அந்தப் பிடியை அவன் பழகியதே அவள் கையில்தான். சாமை அடித்து முடித்த களத்தில், தாளை மெத்தையாகப் பரப்பி, அவளைக் கூப்பிடுவான். ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடிப்பான். மறு கையை அவள் புஜத்தைச் சுற்றி விட்டு, தன் மணிக்கட்டையே பற்றிக்கொள்வான். அவ்வளவுதான் பிடி. அதற்கப்புறம் அவள் எது செய்தாலும் அவனுக்கு ஒரு வழி திறக்கும். கையை நீட்டினால் முதுகுப் பக்கம் வந்துவிடுவான். எழுந்தால் கூடவே எழுந்து சுழற்றுவான். கையை ஒளித்தால் அந்தப் பக்கமே சாய்ப்பான். பிடியை மட்டும் விடமாட்டான்.

"யோவ், கைய முறிச்சிட்டு நீயே களி கிண்டப் போறியா இன்னா?"

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடறது மூக்க அறுக்கறதுக்கா புள்ள? திருப்பறதுக்குத்தானே."

ஆனால் முந்தின வருஷத் திருவிழாவில் வேடியப்பனின் பூட்டில் மாட்டிய ஒருத்தன் பயந்து உதறியதில் அவன் தோள் மூட்டு எகிறிவிட்டது. அதனால் அந்த வருஷம் குஸ்தி நடத்தும் துரைக்கண்ணு, ஊர் கேட்கச் சொன்னார்: "இன்னொரு கை எகிறிச்சின்னா, மலைக்காரன் ஒருத்தனும் இந்த மண்ல கால வைக்கக் கூடாது."

ராஜாக்கண்ணு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பூட்டு முறிப்பதற்குத்தான், முறிக்கவும் வேடியப்பனால் முடியாது என்று அவன் கணக்கு. மாட்டிய கையால் தன் இடுப்புக் கச்சையை இறுக்கிப் பற்றியபடி சிரித்தான்.

"முறி மாமா, முறி! முறிச்சிட்டு மூட்டையக் கட்டிக்கினு மேல ஏறு!"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. வேடியப்பனின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பாஞ்சாலி பார்த்தாள். அந்த மணிக்கட்டை ஒரு சாண் தூக்கினால் போதும். கோபம் வந்தால் தூக்கிவிடுவான். அவள் வண்டியின் முளைக்குச்சியை இறுகப் பிடித்தாள்.

அவன் கை அசையவில்லை. கால்கள்தான் நகர்ந்தன, ஏர் திருப்புகிறவனுடைய நிதானத்தோடு. நெஞ்சின் பாரத்தை எதிராளியின் வலப் பக்கமாகச் சாய்த்தான். ஊன்றிக்கொள்ள ராஜாக்கண்ணுவுக்கு அந்தப் பக்கம் கை இல்லை. அது கச்சையைக் காத்துக்கொண்டிருந்தது. ராஜாக்கண்ணு தன் தோள் மேலேயே உருண்டு மெல்லப் புரண்டான். முதுகு முழுதாக மண்ணில் பட்டது. அப்போதும் கச்சையை விடவில்லை.

வேடியப்பன் செத்துப்போய் இந்தத் தையோடு ஒரு வருஷம் ஆகிறது. கொண்டை போடக் கையைத் தூக்கும்போதெல்லாம் பாஞ்சாலியின் தோளுக்கு அந்தப் பிடியின் கனம் தெரிகிறது. வலி இல்லை. ஒரு நாளும் அவன் வலிக்க விட்டதில்லை.

அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை. துரைக்கண்ணு தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தது ராஜாக்கண்ணுவின் கையைத்தான். வேடியப்பனும் குந்தியபடி அதையே பார்த்தான். ராஜாக்கண்ணு எழுந்து உட்கார்ந்து, கச்சையிலிருந்து விரல்களைப் பிரித்து, அந்தக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினான். அதை ஒரு முழு வட்டம் சுழற்றினான். மறுபடியும் சுழற்றினான். முழங்கையில் ஒட்டியிருந்த செம்மண் அவன் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.