வேண்டாம் என்று சொல்லப் போனவர்

தேனியில் ஞானசிகாமணி மோட்டார் கம்பெனியில் கார் பதிவு செய்தபோது சுருளிவேலுக்கு வயது முப்பத்தெட்டு. அறுபத்தேழாம் வருஷம். சின்னமனூரில் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை, ஒரு வாழைத்தோப்பு, ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற குரல், எல்லாம் அவருக்கு இருந்தது. தேனியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதுதான் அவருக்கே விளங்காத சங்கதி.

முதலாளி ஞானசிகாமணி மேசையிலிருந்து தலையைத் தூக்காமல் பேசுகிறவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், கை சுத்தமானவர். ஆனால் வந்தவரை 'வாங்க, உக்காருங்க' என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. ஏன் வர வேண்டும்? கார் கேட்டு ஜில்லா முழுக்க வரிசையில் நின்றது. ஆறு வருஷம், ஏழு வருஷம் என்றார்கள். பெண் கேட்டுப் போனவர்கள்கூட அத்தனை பணிவாக நின்றிருக்க மாட்டார்கள்.

சுருளிவேல் மாதம் ஒருமுறை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு வாழைத்தாரோடு போவார். கையைக் கூப்பிக்கொண்டு நிற்பார்.

"எப்பங்கய்யா கிடைக்கும்?"

"மெட்ராஸ்ல இருந்து வரணும். வந்தாக் கடுதாசி போடுவோம்."

அவ்வளவுதான் பேச்சு. தாரை ஞானசிகாமணி அப்படியே சர்ச் விடுதிப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவார். ஆறு வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் தளதளவென்று வளர்ந்தார்கள். வரிசை நகரவில்லை.

"தோட்டத்துல ஆளுகளை அந்த வெரட்டு வெரட்டுறீக. அங்கன போயி ஏன் இப்படிக் கும்பிடு போட்டு நிக்கிறீக?" என்று கேட்டாள் மனைவி மலையம்மாள்.

"காரு மட்டும் கைக்கு வரட்டும் புள்ள. ஒருநா அந்த ஆளு எந்திரிச்சு நின்னு என்னைய வாங்கன்னு கூப்பிடுவாரு. அன்னைக்கு உங்க காரு வேண்டாம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு வருவேன்."

அன்றிலிருந்து சுருளிவேலுக்கு இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. தோப்பில் தனியாக நடக்கும்போது 'வேண்டாம்' என்று பல தினுசாகச் சொல்லிப் பார்ப்பார். சிரித்துக்கொண்டு ஒரு வேண்டாம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வேண்டாம். வாழைமரங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டன.

எழுபத்துமூன்றில் கடுதாசி வந்தது. கார் வந்துவிட்டது, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், தவறினால் அடுத்தவருக்கு. படித்ததும் சுருளிவேல் சந்தோஷத்தில் மலையம்மாளைக் கூவிக் கூப்பிட்டார். கிழமையைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. சனிக்கிழமை ஓர் ஆணிகூட வாங்காத குடும்பம். கூப்பிடு தூரத்தில் குச்சனூரில் சனீஸ்வரரை வைத்துக்கொண்டு, அவர் கிழமையிலேயே ஒரு டன் இரும்பை வீட்டுக்கு ஓட்டிவருவதா? கடுதாசி கைக்குக் கிடைத்ததே வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு. திங்கட்கிழமை விடிந்ததும் மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம் சகிதம் போய் நின்றார்.

"கெங்குவார்பட்டிக்காரரு எடுத்துட்டுப் போயிட்டாரே," என்றார் ஞானசிகாமணி.

"சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதுங்கய்யா."

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் ஆகாது. சனிக்கிழமை நல்ல வியாபாரம்."

வாங்கிப் போன எலுமிச்சம்பழத்தை மலையம்மாள் ஊறுகாய் போட்டாள். சனிக்கிழமை கார் எடுத்த கெங்குவார்பட்டிக்காரருக்கு ஏதாவது கெடுதல் வந்ததா என்று சுருளிவேல் ஒரு வருஷம் விசாரித்தார். அந்த மனுஷன் நிலம் வாங்கினார், மகளுக்குக் கல்யாணம் முடித்தார், உடம்பும் நன்றாகத் தேறியது. சுருளிவேலுக்கு வயிறு எரிந்தது. இதைப் பின்னாளில் அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், ஆனால் அப்போது சிரிக்கவில்லை.

எழுபத்தைந்தில் ஒருவழியாகக் கார் கிடைத்தது. வெள்ளை கேட்டவருக்குக் கறுப்பு வந்தது. "கறுப்புத்தான் ஐயா எனக்கும் பிடிக்கும்," என்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும். அதற்குப் பிறகும் கும்பிடு நின்றபாடில்லை. சர்வீஸுக்கு விட்டால் ஒரு வாரம், கண்ணாடி உடைந்தால் ஒரு மாதம். சொந்தக் காரைத் திரும்பக் கேட்பதற்கும் அதே சலவைச் சட்டை, அதே வாழைத்தார்.

எண்பத்தாறில்தான் காற்று திசை மாறியது. சின்னதாக, வழுவழுவென்று புதுக் கார்கள் வந்துவிட்டன. பணமுள்ளவர்கள் மதுரைக்குப் போய் அவற்றை ஓட்டிவந்தார்கள். ஒருநாள் ஞானசிகாமணியின் மகன் சுந்தர்ராஜ் ஸ்வீட் பாக்கெட்டும் கையுமாகச் சின்னமனூர் வீட்டுக்கே வந்தான்.

"ஐயா, பழைய காரு பதினோரு வருஷம் ஓடியிருச்சு. புதுசு இப்ப நின்ன எடத்துலயே தாரோம். வந்து பாத்துட்டுப் போங்க. அப்பாவும் உங்களை விசாரிச்சாக."

சுருளிவேலுக்குப் புதுக் கார் தேவையே இல்லை. ஆனால் 'வேண்டாம்' இருபது வருஷமாகத் தொண்டையில் காத்துக் கிடக்கிறது. அதைச் சொல்வதற்கென்றே மறுநாள் கிளம்பினார். வேடிக்கை பார்க்க மலையம்மாளும் கூடவே ஏறிக்கொண்டாள். டிரைவர் பிச்சைமணி கறுப்புக் காரைக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

உள்ளே நாலு கார்கள் தூசி மூடி நின்றன. கூட்டம் இல்லை, வரிசையும் இல்லை. ஞானசிகாமணிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. இவரைக் கண்டதும் மேசையில் கையை ஊன்றி, சிரமப்பட்டு எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

சுருளிவேலுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. உட்கார்ந்தார். குடிக்கக் கலர் வந்தது, காப்பி வந்தது. காரின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கறுப்பைக் காட்டி முகம் சுளித்தார், வெள்ளையைக் காட்டி "பாப்போம்" என்றார். மலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் தோப்பில் ஒத்திகை பார்த்தபடியே நடந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இனி அந்தச் சொல்தான் பாக்கி.

அப்போது ஞானசிகாமணி இரண்டு கையையும் கூப்பினார்.

"மூணு மாசமா ஒரு வண்டி நகரலை. இந்த மாசமும் போகலைன்னா ஏஜென்சிய எடுத்துருவாக. ஒன்னே ஒன்னு நீங்க எடுத்துக்கிட்டாப் போதும். எப்ப எடுத்துக்கிறீக?"

முதுகு லேசாக வளைந்திருந்தது. கண் எதிராளியின் முகத்தில் நிற்காமல் தரைக்கும் முகத்துக்குமாக அலைந்தது. சுருளிவேல் அந்தக் கைகளைப் பார்த்தார். பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று ஜில்லாவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருந்தார்?

"கையை எறக்குங்கய்யா," என்றார். "வெள்ளையவே எடுத்துக்கிறேன். இன்னைக்கே."

விலையில் பத்து ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கத் தோன்றவில்லை. சுந்தர்ராஜ் காகிதங்களை அள்ளிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடினான். அவன் திரும்பி வந்ததும் சுருளிவேல் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. வண்டி இரண்டு, ஓட்டத் தெரிந்தவன் பிச்சைமணி ஒருவன். கம்பெனி டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தி இரண்டு மாதமாகிவிட்டதாம். பிச்சைமணி பழைய காரைக் கொண்டுபோய்ச் சின்னமனூரில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்துதான் புதுசை எடுக்க வேண்டும்.

மலையம்மாள் அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"வேண்டாம்னு சொல்லத்தானே வந்தீக?"

"அவரு கையைப் பாத்தியா புள்ள? அன்னைக்கு நான் கூப்புன கைதான் அது."

மலையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் லேசாக நீர் வந்தது. கறுப்புக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சரி, நான் வீட்டுக்குப் போறேன். பிச்சைமணி வர சாயங்காலம் ஆகும். நீங்க இங்கனயே இருங்க, உங்களுக்கு என்ன, காத்துக் கெடந்து பழக்கந்தானே."