ஒப்பாசிட்டி என்றால் நிழல்

1

இந்தக் கதை ஒரு சொல்லைத் தேடப்போய்க் கிடைத்தது. ஒப்பாசிட்டி. ஒளி ஊடுருவாத தன்மை என்கிறது அகராதி. வேர் லத்தீன்: ‘ஒப்பாக்குஸ்’, நிழல் படிந்த. வெயிலுக்கு ஒதுங்கும் மரத்தடிக்கும் அதே சொல்தான். அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

பொருள் கிடைத்துவிட்டது. சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

2

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

ஜீவராணி கொழும்பு வெள்ளவத்தையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். கணவர் நமசிவாயத்துக்கு இருமல். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். (எக்ஸ்ரேயில் நிழல் வெள்ளையாகத்தான் விழும்.) “ஒப்பாசிட்டி” என்றார். மீதியை ஜீவராணியைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். பழைய தழும்பாக இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

வெளியே வந்ததும் நமசிவாயம் கேட்டார்.

“என்னவாம்?”

“நிழலாம்.”

“எனக்குள்ளயோ?”

“ஓம். சின்னன்தான்.”

“நல்லதுதானே. இந்த வெயிலுக்கு நீரும் வந்து இரும்.”

அவள் சிரித்தாள். ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் மொழிபெயர்ப்பவள், ஒரு முழு வாக்கியத்தை விழுங்கியிருந்தாள்.

3

அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு பிழை. நமசிவாயம் கொட்டாஞ்சேனையில் வெகுகாலம் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தவர். சிங்களத்தில் பேரம் பேசி, சிங்களத்தில் சண்டை பிடித்தவர். டொக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்குத் தப்பியிராது.

கடை பற்றிய வரியை அடித்துவிட்டால் கதை நேராகிவிடும். அடிக்க மனம் வரவில்லை.

ஜீவராணிக்கும் இது ஆட்டோவில்தான் உறைத்தது. யாராவது கேட்டால் மொழிபெயர்த்துப் பழகிய வாய். கேட்டது யார் என்று யோசிக்கவில்லை.

“உங்களுக்கு எல்லாம் விளங்கினதுதானே?”

“ஓம்.”

“பிறகேன் என்னட்டக் கேட்டனீங்கள்?”

அவர் காலி வீதியின் வாகன நெரிசலைப் பார்த்தார்.

“அந்தாள் சொன்னது பயமாக் கிடந்துது. நீர் எப்பிடிச் சொல்லுவீர் எண்டு பார்த்தனான்.”

4

முடிவு அ: தழும்பு.

முடிவு ஆ: மற்றது.

இரண்டும் எழுதிப் பார்த்தாயிற்று. இரண்டிலும் ஸ்கேன் பெரிதாகிவிடுகிறது, இவர்கள் சிறுத்துவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை ஸ்கேன் முடிவு கேட்க இருவரும் போகிறார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்வார். வாசலுக்கு வந்ததும் நமசிவாயம் அவள் பக்கம் திரும்புவார். அவள் என்ன சொல்லவேண்டும் என்பதை நீங்கள் எழுதுங்கள். அவசரம் வேண்டாம். செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.