கிடாரியின் முதல் இழுவை

அந்த வருடம் கண்காட்சிக் குழு டிராக்டர் இழுவைப் போட்டியை மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்துவிட்டது. எப்போதும் சனிக்கிழமை ராத்திரி, பெரிய விளக்குகளுக்குக் கீழேதான் நடக்கும். விளக்குச் செலவு கட்டுப்படியாகவில்லையாம். ஓஹையோவின் ஆகஸ்ட் வெயிலில் களிமண் தடம் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. தண்ணீர் லாரி ஒரு தடவை வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை.

எங்கள் டிராக்டரின் முன்பக்கத்து எடைக்கட்டிகளின் போல்ட்டுகளை மூன்றாம் முறையாக முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்ச நேரம் உக்காருடா ஆரின்," என்றான் ராய்ஸ். "நீ சுத்துறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

"உக்காந்தா காலு ஆடுதுப்பா."

"அப்ப நின்னுகிட்டே ஆட்டு. அந்த போல்ட்ட விட்ரு. இன்னொரு தரம் முடுக்கினா மரை போயிரும்."

ராய்ஸ் வென்ட்லிங்குக்கு எண்பது கறவை மாடு. கறப்பது, சாணி அள்ளுவது, தீவனம் போடுவது எல்லாம் நான். அவன் நிலத்தின் ஓரத்தில் நிற்கும் தகர வீட்டில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். கோடை வந்தால் சனி ஞாயிறுகளில் இந்த வண்டியோடு ஊர் ஊராகப் போவோம். வண்டியின் மூக்கில் ராய்ஸின் மனைவி ஜோலீன் சிவப்புப் பெயிண்டால் 'முரட்டுக் கிடாரி' என்று எழுதியிருந்தாள். ராய்ஸ் ஓட்டுவான். டயர் பல் சீவுவது, எடை மாட்டுவது, தடத்தின் ஓரத்தில் நின்று கை காட்டுவது என் வேலை.

ஒரே வருடத்தில் பால் விலை பாதியாக இறங்கியிருந்தது. கறக்கக் கறக்க நஷ்டம். முன்பானால் வேலை போனவன் டிரெய்லர் பட்டறைக்குப் போவான். அதுவும் போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டது. அந்த நேரத்தில்தான் ஹாலந்திலிருந்து யெல்லே என்று ஒருவர் வந்தார். அங்கேயும் இந்த விளையாட்டு உண்டு. இங்கே விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வண்டி வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். கிடாரியை இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலையும் பேசி முடித்தார். "சனிக்கிழமை இழுக்கிறதப் பாத்துட்டுக் கைகுடுக்கிறேன்," என்றார்.

பேசின விலை வந்தால் ராய்ஸ் எண்பது மாட்டையும் வைத்துக்கொள்ளலாம். எண்பது மாடு இருந்தால் நானும் இருக்கலாம். கிடாரி நன்றாக இழுத்தால் அது போய்விடும். இழுக்காவிட்டால் நான் போய்விடுவேன். இதை நினைத்துக்கொண்டு எப்படி உட்காருவது?

எங்கள் பிரிவில் வழக்கமாகப் பதினாலு வண்டி வரும். அன்றைக்கு வந்தது ஐந்து. பெயர் கொடுக்கிற கூடாரத்தில் பழைய காப்பி டப்பாவைக் குலுக்கி நீட்டினார்கள். ராய்ஸ் கைவிட்டு எடுத்தான். ஒன்றாம் நம்பர்.

"உன் கைராசி மாட்டு மடியோட சரி போலருக்கே," என்று சிரித்தான் ஹாகமன். சோளம் போடுகிறவன், எங்களுக்கு எப்போதும் போட்டி அவன்தான்.

"உன் சோளம் விக்கிற விலைக்கு நீ சிரிக்கிறியா?" என்றான் ராய்ஸ்.

"அழுதுட்டேதான்ப்பா வந்தேன். உன் நம்பரப் பாத்துத்தான் சிரிப்பு வந்துச்சு."

முதலில் போகிறவனுக்கு ஒரு சங்கடம். வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற பாரவண்டியின் முதுகில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. போகப் போக அது முன்னால் ஏறி வந்து வண்டியைத் தரையோடு அமுக்கும். முந்நூறு அடி போய்விட்டால் முழு இழுவை. பாரம் எவ்வளவு வைப்பது என்பதை முதல் வண்டியை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதற்காக அவனுக்கு ஒரு சலுகை. இழுத்த தூரம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வீசிவிட்டுக் கடைசி ஆளாகத் திரும்ப வந்து இழுக்கலாம். ஆனால் சங்கிலிக் கொக்கியைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

தலைக்கவசமும் எஞ்சின் இரைச்சலுமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் பேசுவதும் கேட்காது. எத்தனை அடி என்றும் தெரியாது. அதனால் ராய்ஸ் என்னைத்தான் பார்ப்பான். நான் கையைத் தூக்கினால் வைத்துக்கொள். கீழே வீசினால் வீசு. பதினோரு வருடமாக அவன் இதில் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை.

பச்சைக் கொடி விழுந்தது. கிடாரி கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொடாமல் மிதந்தன. நூறு, இருநூறு என்று நல்ல வேகம். இருநூற்றைம்பதில் மூக்கு ஆடத் தொடங்கி, இருநூற்று எண்பத்தொன்றில் புதைந்து நின்றது.

ராய்ஸ் திரும்பி என்னைப் பார்த்தான். முந்நூறுக்கு உள்ளே நின்றால் வீசு என்பது என் கைக்குப் பழக்கம். வீசினேன்.

அவன் நடுவரிடம் தலையசைத்தான். கொக்கி கழன்றது. கழன்ற பிறகுதான் காத்திருக்கிற வண்டிகள் என் கண்ணில் பட்டன.

நான்கு.

இந்த எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடுகிற வழி கிடையாது. பலத்துக்காக எல்லாவற்றையும் அடைத்திருக்கும். ஒருதரம் இழுத்தால் இரும்பு கொதிக்கும், அது தானாகத்தான் ஆற வேண்டும். பதினாலு வண்டி இருந்தபோது வீசினவனுக்குத் திரும்ப முறை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிதானமாக ஆறும். நாலு வண்டிக்கு மிஞ்சினால் இருபது நிமிஷம். அதில் ஒன்று கிளட்ச் எரிந்து கோட்டிலேயே நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஓடினேன். எலுமிச்சைச் சாறு விற்கிற கடையில் ஒரு பெரிய அம்மாள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மூட்டை ஐஸ் குடும்மா, சீக்கிரம்!"

"ஐஸ குடுத்துட்டு நான் சுடுதண்ணிலயா சாறு போடுவேன்?"

"வண்டிக்கும்மா. எஞ்சின் கொதிக்குது."

"எந்த வண்டி?"

"முரட்டுக் கிடாரி."

"ராய்ஸோடதா? ஏண்டா வீசினான்? நல்ல தூரமால்ல இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே இரண்டு மூட்டையைத் தள்ளினாள். "இந்தா. ஐஸ் தீந்தா கடைய மூடிட்டு நானும் வேடிக்கை பாக்க வரேன்."

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் பெட்டியில் ஐஸைக் கொட்டினோம். காற்று குளிரும். இரும்பு குளிராது. ராய்ஸ் எஞ்சின் தலைக்கு ஒரு சாண் மேலே கையைப் பிடித்துப் பார்த்து, எடுத்துக்கொண்டான்.

"முட்டை பொரிக்கலாம்," என்றான்.

"ராய்ஸ், நான் எண்ணல. பழைய நெனப்புல வீசிட்டேன்."

"பேசாத. ஐஸக் கொட்டு."

ஜோலீன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் யெல்லே, கையில் கடிக்காத பன்றியிறைச்சி ரொட்டியோடு. ஹாகமன் இருநூற்றுத் தொண்ணூற்றாறு போனான். மற்ற இரண்டும் இருநூற்றெழுபதைத் தாண்டவில்லை. வீசாமல் இருந்திருந்தால் நாங்கள் இரண்டாவது.

ஒலிபெருக்கியில் எங்கள் பெயர் வந்தது. ராய்ஸ் ஏறி உட்கார்ந்தான்.

"போகாதன்னு சொன்னா கேப்பியா?" என்றேன்.

"அந்த ஆள் இழுக்கிறதப் பாக்கணும்னார். பாக்கட்டும்."

கிளம்பியது. முதல் நூறு அடி முன்னதைவிட நன்றாகவே இருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. நூற்று நாற்பதில் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம். மரப்பெட்டியைச் சுத்தியால் தட்டுகிற மாதிரி, டொக் டொக் என்று. அடுத்த நொடி ராய்ஸ் எஞ்சினை அணைத்துவிட்டான். நூற்று ஐம்பத்திரண்டு அடி. கூட்டம் 'ச்சே' என்று உட்கார்ந்தது. இழுத்த வண்டிகளில் கடைசி.

கொட்டகைக்கு இழுத்து வந்து நிறுத்தினோம். யெல்லே வந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"சத்தம் கேட்டுச்சு," என்றான் ராய்ஸ்.

"எனக்குக் கேக்கலயே."

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்றேன். "இன்னும் நூறு அடி போயிருந்தா உள்ள இருக்கிறது வெளிய வந்திருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "முதல் தடவை நல்லாத்தான போச்சு. அத ஏன் வீசினீங்க?"

"நான்தான் வீசினேன்," என்றான் ராய்ஸ்.

"இல்லைங்க. கை காட்டினது நான். பதினாலு வண்டி வந்த காலத்துப் பழக்கம். இன்னைக்கு அஞ்சுதான்னு கைக்குத் தோணல."

யெல்லே எஞ்சின் பக்கம் குனிந்தார். எண்ணெயைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். ஒரு சொட்டை ரொட்டி சுற்றின வெள்ளைத் தாளில் விட்டு, வெயிலில் பிடித்து விரலால் தேய்த்தார். பொடி பொடியாக மின்னியது. பேரிங் தேய்ந்த தூள். எனக்கும் தெரிந்தது, ராய்ஸுக்கும் தெரிந்தது.

"எஞ்சினைப் பிரிக்கணும்," என்றார். "எடுத்துக்கிறேன். ஆனா பேசின விலைல மூணுல ரெண்டுதான். நீங்க நிறுத்தலேன்னா அதுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தை வெகுநேரம் துடைத்தான். பிறகு மாட்டிக்கொண்டு கையை நீட்டினான்.

கிடாரியை ஏற்றிப்போக வரும் வாடகை லாரிக்காகக் காத்திருந்தோம். ராய்ஸ் ஒரு சங்கிலியைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடியும் சுருட்டினான். நான் கழற்ற வேண்டாத எடைக்கட்டியைக் கழற்றி மாட்டினேன். ஜோலீன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முப்பது மாடு செவ்வாய்க்கிழமை போகுது ஆரின்."

"சரி."

"மிச்ச அம்பதை நானும் அவனும்..."

"தெரியுது ஜோலீன். அம்பதுக்கு ரெண்டு பேர் போதும்."

"வீட்ட யாரும் கேக்கல. நீ பாட்டுக்கு இரு. வேற ஏதாவது கிடைக்கிற வரைக்கும்."

"எங்க கிடைக்குது," என்றேன். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவள் பையிலிருந்து அவித்த சோளக்கதிர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். இரண்டு கடி கடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

எஞ்சினை மறுபடி கிளப்பக் கூடாது. சுற்றிச் சுற்றி இழுக்கிற வின்ச்சின் கம்பிக்கயிற்றைக் கட்டித்தான் லாரியில் ஏற்ற வேண்டும். ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும். ராய்ஸைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"நீயே ஏறு."

பதினோரு வருடத்தில் அந்தச் சீட்டைத் துடைத்திருக்கிறேன், தைத்திருக்கிறேன். உட்கார்ந்ததில்லை. கயிறு இறுகியது. கிடாரி சத்தமில்லாமல், அங்குலம் அங்குலமாகப் பலகையில் ஏறியது. ராய்ஸ் பின்டயரில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தான்.

"நானும் எண்ணலடா," என்றான், டயரைப் பார்த்தபடி. "காப்பி டப்பாக்குள்ள கைய விட்டவன் நான்தான. உள்ள அஞ்சே அஞ்சு நம்பர் வில்லைதான் கெடந்துச்சு. அப்பவும் எண்ணல."

நான் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். பலகை முனகியது. முன்சக்கரம் லாரித் தளத்தில் இறங்கியது.

"காலைல கறக்க வரவா?" என்று கேட்டேன்.

"செவ்வாய் வரைக்கும் எண்பதும் நிக்குதே," என்றான். "வா. நாலரைக்கு."