நாலாவது கம்பி

இந்த வருடக் கொடைத் திருவிழாவுக்கு மேளம் கிடையாது என்பதில் ஆறுமுகநயினார் வீட்டில் இரண்டாவது பேச்சே இல்லை. அவரைத் தவிர எல்லாருக்கும் ஒரே மனசு.

இலத்தூர்க் குளத்தங்கரையில் இருக்கும் ஆலடி மாடசாமிக்கு அவர்தான் கோமரத்தாடி. கொடையன்று உறுமியும் பம்பையும் தவிலும் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சாமி அவர்மேல் இறங்கும். ஆடுவார், குறி சொல்வார், ஆடி ஓய்ந்ததும் சாமி மலையேறிவிடும். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். வருடா வருடம் அப்படித்தான் நடந்தது.

மாசி மாதம் பாவூர்சத்திரம் சந்தையில், தான் கொண்டுபோன வெண்டைக்காய் மூட்டையின்மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தென்காசியில் மகள் முத்துலட்சுமி நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, மாடிப்படியைக்கூட யோசித்துத்தான் ஏற வேண்டும் என்றார் மருத்துவர். ஆடலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. முத்துலட்சுமிக்குக் கேட்காமலே தெரியும்.

"கொட்டுச் சத்தம் கேட்டா ஆடிருவீய. ஆடுனா போயிருவீய. அவ்வளவுதான்ப்பா," என்றாள்.

"போனா சாமிகிட்டதான போவேன்," என்றார் அவர்.

"மாத்திரையப் போடுங்க முதல்ல."

ஆடி பிறந்து, மலையிலிருந்து சாரல் தென்காசித் தெருக்கள் வரை வந்து விழத் தொடங்கியபோது, கோயில் கமிட்டித் தலைவர் நாறும்பூநாதன் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி ஆட வேண்டாம். சரி. மேளக்காரனயும் கூப்பிடல. அதுவும் சரி. தீபாராதனை காட்டும்போது கொட்டில்லாம எப்படிக் காட்டுதது? ஊமக் கொடையால்லா போயிரும்." பிறகு ஆறுமுகநயினாரின் மகன் சந்தோஷ்குமாரின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ குத்தாலத்துல ஒத்த கிட்டார வச்சிக்கிட்டு ஊரையே வாசிக்கியாமே?"

அது உண்மைதான். சந்தோஷ்குமார் பேஸ் கிட்டார் வாசிப்பவன். சீசன் காலத்தில் குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியில் மாலை நேரத்துக் கச்சேரி அவனுடையது. முழுக் குழுவுக்கு அங்கே இடமும் இல்லை, முதலாளிக்கு மனமும் இல்லை. அதனால் பேஸின் கம்பிகளுக்கு அடியில் ஒரு சென்சாரை ஒட்டினான். கம்பி அதிர்ந்தால் அது என்ன சுரம் என்று ஒரு சின்னப் பெட்டி கண்டுபிடித்து லேப்டாப்புக்குச் சொல்லும்; லேப்டாப் தன்னிடம் உள்ள எந்த வாத்தியத்தின் சத்தத்தையும் அந்தச் சுரத்துக்குக் கொடுக்கும். மிடி என்பார்கள். விரல் படுவது பேஸில், கேட்பது புல்லாங்குழல்.

பெட்டிக்கு இரண்டு குணங்கள் உண்டு. தடித்த கம்பி மெதுவாக அதிர்வதால், அதை அடையாளம் காண அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சத்தம் ஒரு இமைப்பொழுது பிந்தி வரும். இன்னொன்று, பக்கத்தில் பெரிய இரைச்சல் இருந்தால் கம்பிகள் தாமாகவே அதிரும். அருவியில் தண்ணீர் கூடி விழும் நாட்களில், யாரும் தொடாத கம்பியிலிருந்து யாரும் வாசிக்காத சுரத்தைப் பெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறது. விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

போன வருடக் கொடையில் மேளக்காரர்கள் அடித்ததை அவன் தனித்தனி அடியாகப் பதிவு செய்து லேப்டாப்பில் வைத்திருந்தான். நாறும்பூநாதனுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.

"அந்தப் பெட்டிக்குள்ள நம்ம கொட்டும் கெடக்குல்லா? தீபாராதனை முடியுத வரைக்கும் அதப் போட்டா போதும்."

"வேண்டாம்," என்றாள் முத்துலட்சுமி.

"ஏட்டி, அது டப்பாச் சத்தம்," என்றார் ஆறுமுகநயினார். "டப்பாக்கெல்லாம் மாடன் வருவானா? வேணும்னா இங்கன வச்சே அடிக்கச் சொல்லு. எனக்கு வருதான்னு பாத்துக்கிடு."

அப்படித்தான் அந்தச் சோதனை நடந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் சர்க்கரை போடாத தேநீருடன் உட்கார்ந்தார். முத்துலட்சுமி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சங்கரம்மாள் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷ்குமார் நாலாவது கம்பியை, பேஸில் இருப்பதிலேயே தடித்ததை, மீட்டினான். சாப்பாட்டுத் தூக்கு அளவேயான ஸ்பீக்கரிலிருந்து உறுமி வந்தது.

கால்கள் அசையவில்லை. ஆறுமுகநயினார் தேநீரை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்.

"என்னலே இது? ஆறிப்போன கொழுக்கட்ட மாதிரி இருக்கு. நீ தட்டுனப்புறம் யோசிச்சு யோசிச்சில்லா அது கொட்டுது."

சங்கரம்மாளும் சிரித்துவிட்டாள். நாடித்துடிப்பில் மாற்றம் இல்லை. சந்தோஷ்குமாருக்கு நிம்மதி. சாமி வருவது சூடேறிய தோலுக்கும் வியர்த்து அடிக்கிற மனிதனுக்கும்தான், கணினிக்குள் எண்களாகக் கிடக்கும் சத்தத்துக்கு அல்ல என்று அவன் உண்மையாகவே நம்பினான். முத்துலட்சுமியும் கடைசியில் தலையசைத்தாள்.

ஆனால் அப்பா சொன்ன கொழுக்கட்டை அவனை உறுத்தியது. சாமிக்கு அடிப்பது அவ்வளவு சோம்பலாகவா இருக்க வேண்டும்? பெட்டி கம்பியை இன்னும் சீக்கிரமாகக் கேட்கும்படி அதன் உணர்திறனைக் கடைசி வரை கூட்டி வைத்தான். சத்தம் பிந்துவது குறைந்தது. அருவி இரைச்சல் அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

நண்பகல் பூசையான உச்சிக்கொடையன்று குளம் முழுக்கச் சாரல். ஆலமரத்தடியில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மேடையின் இருபக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தான் ஹுஸைஃபா. தென்காசியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன், பள்ளித் தோழன்.

"மாப்ள, பேஸ் அடிச்சா குளத்து மீனெல்லாம் கரைக்கு வந்துரும்," என்றான்.

"கொறச்சு வை. தீபாராதனை வரைக்கும்தான்."

"கொறச்சா கமிட்டிக்காரரு என்னய வைவாரு. ஒனக்கென்ன, நீ ஊர்க்காரன்."

அப்பா கடைசி வரிசையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, பொத்தான் எல்லாம் போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல. வழக்கமாக அவர் இடுப்பில் இருக்கும் சல்லடம் என்ற ஆட்டக் கால்சட்டையும் சலங்கையும் பீடத்தின் முன்னால் ஒரு தாம்பாளத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒருபக்கம் அம்மா, மறுபக்கம் அக்கா. அவர் பீடத்தைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விலகியது. மணி அடித்தது. சந்தோஷ்குமார் நாலாவது கம்பியைத் தொட்டான்.

வந்தது அவன் வீட்டில் கேட்ட சத்தம் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி உள்ளங்கால் வழியாக ஏறியது. மேடைப் பலகை நடுங்கியது. முன்வரிசையில் ஒரு பெண் குலவையிட்டாள். அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. கற்பூரத் தட்டு வரிசை வரிசையாகப் போவதைப் பார்த்தபடி வாசித்தான். கடைசி வரிசை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

தட்டு கடைசி வரிசைக்குப் போனது. ஆறுமுகநயினார் கையைத் தீபத்தின்மேல் காட்டினார். காட்டிய கையை எடுக்கவில்லை.

"அப்பா," என்று முத்துலட்சுமி கையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலி கவிழ்ந்தது.

சந்தோஷ்குமார் இரண்டு கைகளையும் கம்பியிலிருந்து எடுத்துவிட்டான். மேளம் நிற்கவில்லை.

அவனுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. ஸ்பீக்கரின் அதிர்வில் கம்பி அதிர்கிறது. கம்பி அதிர்வதைப் பெட்டி கேட்கிறது. பெட்டி மறுபடி மேளத்தை அடிக்கிறது. மேளம் தன்னைத் தானே அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூடியது.

கூட்டம் விலகி வழிவிட்டது. சட்டைப் பொத்தான்கள் தெறிக்க அவர் பீடத்துக்கும் மேடைக்கும் நடுவே ஆடினார். மாடிப்படியை யோசித்து ஏற வேண்டிய மனிதர் ஆள் உயரத்துக்கு எழும்பிக் குதித்தார்.

"நிறுத்துலே சந்தோசு! அப்பா ஒதடப் பாரு, நீலமாகுது! நிறுத்துலே!" முத்துலட்சுமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

நாறும்பூநாதன் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "நிறுத்திராத தம்பி! சாமி மலையேறணும்! நடுவுல கொட்டு நின்னா சாமிக்குப் போக வழி தெரியாது. உள்ளயே இருந்துரும்!"

ஊரில் எல்லாரும் அறிந்த விதி அது. மேளக்காரர்கள் கை வெடித்து ரத்தம் வந்தாலும் நிறுத்துவதில்லை.

ஆறுமுகநயினார் மேடைக்கு முன்னால் வந்து நின்றார். கண்கள் அவனைப் பார்த்தன. அவற்றில் அப்பா இல்லை. வாயோரம் நுரை. மூச்சு கொல்லன் துருத்தியைப் போல இரைந்தது.

"வேகமா அடிலே," என்றது அந்தக் குரல். "எனக்குப் பத்தல."

சந்தோஷ்குமார் உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் அகல வைத்து அழுத்தினான்.

சத்தம் நின்றது. தார்ப்பாயில் சாரல் விழுவது கேட்டது. தூக்கிய காலை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். யாரும் குலவையிடவில்லை. தண்ணீர் கொண்டுவந்த சங்கரம்மாளின் கையிலிருந்து அவர் சொம்பை வாங்கவில்லை.

ஹுஸைஃபாவின் வண்டியிலேயே தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். தலையையும் ஸ்கேன் செய்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்பு இல்லை. அதிர்ச்சியாக இருக்கலாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

வீட்டில் அவர் படுக்கவே இல்லை. கட்டிலின்மேல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், பகலிலும் இரவிலும். சங்கரம்மாளிடம், "நீ எந்த வீட்டுப் பொம்பள?" என்று கேட்டார். தட்டில் சோறு வைத்தால் தொடவில்லை. வாழையிலையில் படைப்புச் சோறாகக் கொட்டினால்தான் கை வைத்தார். மாத்திரைகளைத் துப்பினார். சோற்றில் பொடித்துக் கலந்தபோது இலையையே வெளியே எறிந்தார். சந்தோஷ்குமாரைக் கண்டால் மட்டும் முகம் அவன் பக்கம் திரும்பும்.

"கொட்டுக்காரா. எப்பம் அடிக்கப் போற?"

நாறும்பூநாதன் வந்து வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே வரப் பயந்தது தெரிந்தது. "நெசக் கொட்டு கொண்டாருவோம். ஆடி முடிச்சா மலையேறிரும். வேற வழி இல்ல."

"ஆடி முடிச்சா அவுகளும் ஏறிருவாக அண்ணாச்சி," என்றாள் முத்துலட்சுமி. "ஒங்க சோலியப் பாத்துக்கிட்டுப் போங்க."

அவர் போனபின் அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். சந்தோஷ்குமார் பக்கத்தில் போனான்.

"ஊசியாப் போட முடியாதாக்கா?"

"அந்த மாத்திரைக்குப் பதிலா வீட்டுல வச்சி எத்தன நாளைக்கு ஊசி போடுவ? கிட்ட வந்தாலே கையத் தட்டிவிடுதாக. ஆஸ்பத்திரில கட்டிப்போட்டுத்தான் போடணும். கட்டுனா அந்தப் போராட்டத்துலயே நெஞ்சு நின்னுரும். போடாம விட்டா ஸ்டென்ட் அடைச்சிரும். இன்னைக்கோ நாளைக்கோ." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "மேளக்காரங்களுக்கு அடக்கி அடிக்கத் தெரியாது. சாமி கேட்டா வேகத்த ஏத்திருவாக. சாமி மலையேறுத வரைக்கும் ஒன்னால ஏத்தாம அடிக்க முடியுமா? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல நான் துடிப்பப் பாக்குத மாதிரி?"

"நீயா சொல்லுத இத?"

"நான்தான்லே சொல்லுதேன். எனக்கு அப்பா மாத்திரை முழுங்கணும். அது எந்தக் கழுதையால நடந்தாலும் சரி."

அவன் பெட்டியின் உணர்திறனைக் குறைத்தான். சின்ன ஸ்பீக்கரைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்தான். பேஸை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததும் கட்டிலின்மேல் இருந்தவர் முதல்முறையாகச் சிரித்தார். பற்கள் எல்லாம் தெரிந்தன. கால்களைக் கீழே தொங்கவிட்டு, பாதங்களைத் தரையில் பதித்தார்.

சங்கரம்மாள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். முத்துலட்சுமி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். இந்த முறை அவர் தட்டிவிடவில்லை. அவளுடைய மற்றக் கையில் தண்ணீரும் மாத்திரைகளும் தயாராக இருந்தன.

"மெதுவா ஆரம்பி," என்றாள். "துடிப்பு எகிறுனா தலையாட்டுதேன். நிறுத்திரு."

சந்தோஷ்குமார் விரலைக் கம்பியின்மேல் வைத்தான். மீட்டவில்லை.

"நடுவுல நிறுத்துனா, மறுபடி உள்ளயே இருந்துராதா?"

அவள் மணிக்கட்டின்மேல் விரல்களை இன்னும் அழுத்தி வைத்தாள். கட்டிலின்மேல் இருந்தவர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.